40 முறை கிரிட்டுக்கே வராதவர், 56 வயதில் உலகக் கோப்பை: கப்ரியேலே தர்க்வினி பற்றிப் பேசலாம் வாருங்கள்

#1 | மூன்றாம்கியர்

நண்பர்களே, போன வாரம் இன்னொரு இழையில் ஃபார்முலா 1-ல் சோபிக்காதவர்கள் என்று ஒரு பட்டியல் ஓடியது. அதில் ஒருவர் கப்ரியேலே தர்க்வினியின் பெயரைப் போட்டு, "40 தடவை தகுதிச்சுற்றைத் தாண்டாதவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எண் சரிதான். 78 ரேஸுக்குப் பெயர் கொடுத்து 38-ல் தான் ஓட்டியிருக்கிறார். எடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஆனால் அதே மனிதர்தான் 47 வயதில் டூரிங் கார் (கடையில் விற்கும் காரை ரேஸுக்காக மாற்றி ஓட்டும் பிரிவு) உலக சாம்பியன் ஆனார், 56 வயதில் உலகக் கோப்பையையும் வாங்கினார். முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநியாயம் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இந்த இழை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தர்க்வினி பிறந்தது 1962-ல், இத்தாலியின் அட்ரியாட்டிக் கடலோர ஊரான ஜூலியானோவாவில். கார்ட்டிங்கில் பெயர் எடுத்து, கொஞ்ச காலம் எஃப்3 ஓட்டி, 1985-ல் ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருந்த எஃப்3000-க்கு வந்தார். அந்தப் பந்தயம் தொடங்கிய ஆண்டே அதுதான். ஃபார்முலா 1 அணிகள் டர்போவுக்குப் போய்விட்டதால் சும்மா கிடந்த 3 லிட்டர் காஸ்வொர்த் டிஎஃப்வி என்ஜின்களுக்கு 9,000 ஆர்பிஎம் என்று கடிவாளம் போட்டு ஓட்டினார்கள். மூன்று சீசன் ஓட்டியும் தர்க்வினிக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனாலும் 1987-ல் இமோலாவில் ஒசெல்லா அணி ஒரு ரேஸுக்கு வாய்ப்புக் கொடுத்தது. 1988-ல் கொலோனி அணி முழு சீசனுக்கும் எடுத்துக்கொண்டது.

இங்கே முன்தகுதிச் சுற்று பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைய ஃபார்முலா 1-ஐப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. 1989-ல் 20 அணிகள், 39 கார்கள். கிரிட்டில், அதாவது ரேஸ் தொடங்கும் வரிசையில், இடம் 26 பேருக்கு. தகுதிச்சுற்றுக்கே 30 கார்களுக்கு மேல் விடமாட்டார்கள். அதில் 26 இடம் முன்னேறிய அணிகளுக்குப் போய்விடும். மீதி 13 கார்களும் வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு வர வேண்டும். ஒரு மணி நேரம்தான். 9 மணிக்கு வேகமான நாலு பேர் உள்ளே, ஒன்பது பேர் வெளியே. மற்ற அணிகளின் மெக்கானிக்குகள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது இந்த ஒன்பது பேரும் காரை லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

அந்த 8 மணி டிராக்கை நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்கப் படிந்த தூசி. ரேஸிங் லைனில் ரப்பர் படிந்திருக்காது. தார் குளிர்ந்து கிடக்கும். ஒட்டும் டயர் ஒன்றிரண்டு லேப்புக்குத்தான் தாங்கும். நல்ல லேப் போகும் நேரத்தில் முன்னால் இன்னொருவர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தால் அந்த வார இறுதியே போச்சு. 15,000 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போவது.

1989-ல் தர்க்வினிக்கு வாய்ப்பு வந்த விதமும் வேதனையானது. அவர் சேர்ந்திருந்த ஃபர்ஸ்ட் என்ற புது அணி ரேஸுக்கே வரவில்லை. பிரேசிலில் நடந்த சோதனை ஓட்டத்தில் ஃபிலிப் ஸ்ட்ரெய்ஃப் விபத்தில் சிக்கி முடங்கிப்போனார். அவருடைய ஏஜிஎஸ் காரில்தான் தர்க்வினியை உட்கார வைத்தார்கள். ஏஜிஎஸ் தெற்கு பிரான்ஸில் கோன்ஃபரோன் என்ற சின்ன ஊரில், ஒரு கார் கராஜாகத் தொடங்கிய அணி. அந்தக் காரை வைத்துக்கொண்டு இமோலாவில் 8-வது, பிறகு மெக்சிகோவில் 6-வது. அன்று அவருக்கு முன்னால் முடித்தவர்கள் சென்னா, பட்ரேசே, அல்போரெட்டோ, நன்னினி, ப்ரோஸ்ட் (சென்னாவும் ப்ரோஸ்ட்டும் அப்போதே உலக சாம்பியன்கள்). அடுத்து தர்க்வினி. அதற்கு அடுத்த வாரம் ஃபீனிக்ஸில் 7-வது. அப்போதெல்லாம் முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி. ஓர் இடத்தில் நழுவியது.

சீசனின் பாதியில் கணக்குப் பார்த்தார்கள். அந்த ஒரு புள்ளி போதவில்லை, ஏஜிஎஸ் முன்தகுதிச் சுற்றுக்குத் தள்ளப்பட்டது. பிறகு அந்த ஆண்டு ஒரு ரேஸில்கூட அவர் கிரிட்டில் நிற்கவில்லை. மே மாதம் ப்ரோஸ்ட்டுக்கு அடுத்து முடித்தவர், ஆகஸ்டில் வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கே வீட்டுக்குப் போனார். கையும் காலும் அதே மனிதருடையவைதான்.

1990-லும் 1991-லும் ஏஜிஎஸ், பிறகு ஃபோண்ட்மெட்டல். 1992-ல் அந்த அணியும் பாதியில் நின்றது. அவருக்கு அப்போது வயது 30. பெரும்பாலானவர்களின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். இவருக்கு இதற்குப் பிறகு 29 வருடம் பாக்கி இருந்தது. மீதியை எல்லோரும் சேர்ந்து பேசலாம்.

#2 | நெல்லைவேகம்

முன்தகுதிச் சுற்று பற்றி இத்தனை நாள் அரைகுறையாகத்தான் தெரியும். நன்றி அண்ணா. 13 பேரில் நாலு பேர் என்றால், நம்ம ஊர் அரசு வேலைத் தேர்வுக்கு அது பரவாயில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். இங்கே ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கார். அந்த 40-ஐ இனி நான் வேறு மாதிரிதான் படிப்பேன்.

#3 | ஸ்லிப்ஸ்ட்ரீம்

மரியாதையோடு மாறுபடுகிறேன். டூரிங் காரில் அவர் பெரிய ஆள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபார்முலா 1-ல் கார் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? 1995-ல் நூர்பர்க்ரிங்கில் உக்யோ கதயாமா காயம்பட்டிருந்ததால் டிரெல் அணி தர்க்வினியை ஒரு ரேஸுக்குக் கூப்பிட்டது. அது முன்தகுதிக்குப் போராடும் கார் இல்லை. அதில் அணித்தோழர் மிகா சாலோவுக்குப் பின்னால், 14-வதாகத்தான் முடித்தார். எஃப்3000-லும் மூன்று வருடம் இருந்தும் பட்டம் இல்லை. ஜூனியர் ஃபார்முலாவில் ஜெயிக்காதவர் மேலே போய்த் திணறுவதில் அதிசயம் என்ன?

இன்னொன்று. ஒற்றை இருக்கைக் காரில் எடுபடாதவர்கள் டூரிங் காருக்குப் போய் ஜெயிப்பது வழக்கமாக நடப்பதுதான். அங்கே போட்டி கொஞ்சம் குறைவு என்பதும் ஒரு காரணம் இல்லையா? சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#4 | மூன்றாம்கியர்

கேட்டது நல்ல கேள்வி. டிரெல் விஷயத்தை மறைக்க மாட்டேன், அன்று அவர் மெதுவாகத்தான் இருந்தார். ஆனால் மூன்று வருடம் ஃபார்முலா 1 ரேஸ் ஓட்டாமல், இடையில் கூரையுள்ள கார்களை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். சீசன் முடியப்போகும் நேரத்தில் ஒரே ஒரு வார இறுதிக்கு வந்து உட்கார்ந்தார். அதை வைத்து அவரை எடை போட எனக்கு மனம் வரவில்லை. அவர் சென்னா மாதிரி ஒருவர், காலம் வஞ்சித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கிடைத்த காரை அது போகக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோனவர் என்று சொல்கிறேன். அந்தக் குணம் டூரிங் காரில் தங்கம்.

"போட்டி குறைவு" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் இங்கே ஒருவர் இருக்கிறார். கொடிக்காரர் அண்ணா, நீங்கள் இரண்டையும் ஓட்டியவர். வாருங்கள்.

#5 | கொடிக்காரர்

தம்பி கூப்பிட்டதால் வந்தேன். நான் பெரிய ஓட்டுநர் இல்லை. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பல வருடம் மார்ஷலாகக் கொடி பிடித்தவன். அதற்கு முன்னால் எல்ஜிபி ஃபார்முலா 4 இரண்டு சீசன், பிறகு இந்தியன் டூரிங் கார் பிரிவில் ஒரு சீசன் ஓட்டினேன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃபார்முலா காரில் நடுவில் உட்காருவோம். முன்சக்கரம் இரண்டும் கண் முன்னால் தெரியும். டயர் கெர்பை (டிராக்கின் ஓரக் கல்லை) தொடுகிறதா இல்லையா என்று பார்த்தே ஓட்டலாம். டூரிங் காரில் ஒரு பக்கமாக உட்காருகிறோம். அந்தப் பக்கத்து முன்மூலை பானெட்டுக்கு அப்பால் எங்கே இருக்கிறது என்று உடம்பால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அது பிடிபடவே பாதி சீசன் ஆனது.

அடுத்தது டயர். பெரும்பாலான டூரிங் கார்கள் முன்சக்கர டிரைவ். திருப்புவதும், இழுப்பதும், பிரேக்கில் பாதிக்கு மேல் வேலையும் அதே இரண்டு முன் டயர். ஃபார்முலா கார் பழக்கத்தில் நான் வளைவுக்குள் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினேன். முதல் ரேஸில் மூன்றாவது லேப்பிலேயே முன் டயர் ரப்பர் உருண்டு உருண்டு கிளம்ப ஆரம்பித்துவிட்டது. ஸ்டீயரிங் திருப்பினால் கார் நேராகப் போகிறது. எனக்கு முன்னால் போன பழைய ஆள் என்ன செய்தார் தெரியுமா? வளைவுக்குள் நுழையும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொஞ்சம் விடுவார். பாரம் முன்னால் வரும், வால் லேசாக வெளியே நழுவும், கார் தானாகவே திரும்பிக்கொள்ளும். ஸ்டீயரிங்கை அவர் கிட்டத்தட்ட திருப்பவே இல்லை. கடைசி லேப்பில் அவர் டயர் புதுசு மாதிரி இருந்தது.

மூன்றாவது, முட்டல். ஃபார்முலா காரில் சக்கரத்தோடு சக்கரம் உரசினால் கார் பறக்கும். அதனால் எல்லோரும் இடம் விடுவார்கள். டூரிங் காரில் தோள் கொடுத்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். என் முதல் ரேஸில் முதல் வளைவிலேயே வலது கண்ணாடி போய்விட்டது. மீதி ரேஸ் முழுக்க அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் ஓட்டினேன். கோபமாக இறங்கி வந்து கேட்டால், இடித்தவர் தட்டிக்கொடுத்து, "நீ கதவைத் திறந்து வைத்திருந்தாய், நான் உள்ளே வந்தேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

இதற்கு மேல் வெற்றி எடை வேறு. ஜெயித்தால் அடுத்த ரேஸில் காரில் எடை ஏற்றுவார்கள். உலகப் போட்டியில் பல ஆண்டுகள் இரண்டாவது ரேஸுக்கு முதல் எட்டு பேரைத் தலைகீழாகத் திருப்பி நிற்க வைத்தார்கள். ஆக, வேகமாக இருப்பவன்தான் நெரிசலுக்குள் மாட்டுவான். இது போட்டி குறைந்த இடம் இல்லை, ஸ்லிப்ஸ்ட்ரீம் தம்பி. இந்தப் போட்டியின் குணம் வேறு. தர்க்வினி அங்கே 25 வருடத்துக்கு மேல் முன்வரிசையில் இருந்தது எனக்கு அந்த 40-ஐ விடப் பெரிய எண்.

#6 | பிட்சுவர்

அருமை அண்ணா, அச்செடுத்து வைக்க வேண்டிய பதிவு.

1994 பற்றி யாரும் தொடவில்லையே, அதை நான் சொல்கிறேன். பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தின் பொற்காலம் அது. 2 லிட்டர் என்ஜின், 8,500 ஆர்பிஎம் வரம்பு, கிரிட் நிறைய கார் கம்பெனிகளின் நேரடி அணிகள். வோல்வோ அந்த ஆண்டு 850 எஸ்டேட் காரைக் கொண்டுவந்து ஓட்டியது. நாய்க்குட்டியும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போகிற கார்!

அல்ஃபா ரோமியோ 155 காருடன் தர்க்வினியையும் ஜியாம்பியேரோ சிமோனியையும் இங்கிலாந்துக்கு அனுப்பியது. தர்க்வினி முதல் ஐந்து ரேஸையும் வென்றார். ஐந்தும்! பிறகுதான் எல்லோரும் அந்தக் காரின் முன் உதட்டையும் பின் இறக்கையையும் (காற்றால் காரைத் தரையோடு அழுத்துபவை) உற்றுப் பார்த்தார்கள். விதிப்படி, 2,500 கார் தயாரித்து விற்கும் மாடலில் என்ன இருக்கிறதோ அதைத்தான் ரேஸ் காரில் மாட்டலாம். அல்ஃபா அந்த மாடலைத் தயாரித்தது உண்மை. ஆனால் இறக்கையை உயர்த்தும் துண்டுகள் காரில் மாட்டப்படாமல் டிக்கியில் வைத்துக் கொடுக்கப்பட்டிருந்தன. வேண்டுமானால் வாங்கியவர் மாட்டிக்கொள்ளலாம். ரேஸ் காரில் அவை மாட்டியே வந்தன. மற்ற அணிகள் புகார் கொடுத்தன. ஓல்டன் பார்க்கில் இறக்கையை இறக்கி வைக்கச் சொன்னதும் அல்ஃபா அணி ரேஸ் ஓட்டாமலேயே கிளம்பிப் போய்விட்டது. அந்தப் புகாரால் தர்க்வினியிடமிருந்து பறித்த புள்ளிகள் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தன. ஜூலையிலிருந்து இறக்கையை இறக்கியே ஓட்ட வேண்டும் என்று முடிவானது.

அதற்குப் பிறகு நாக்ஹில்லில் தர்க்வினியின் கார் பல்டி அடித்து உருண்டது. அந்தக் காணொளி இன்னும் கிடைக்கிறது, பார்த்தால் வயிறு கலங்கும். அதிலிருந்து இறங்கி வந்து, மொத்தம் 8 வெற்றியோடு சாம்பியன் ஆனார். "இறக்கையால் ஜெயித்தார்" என்று அங்கே இன்னும் சொல்பவர்கள் உண்டு. என் கருத்து: முதல் ஐந்து வெற்றியில் இறக்கைக்குப் பங்கு உண்டு. ஆனால் சிமோனியிடமும் அதே இறக்கைதான் இருந்தது. அவர் எங்கே முடித்தார், இவர் எங்கே முடித்தார் என்று பாருங்கள். அடுத்த ஆண்டே விதியை மாற்றி எல்லோருக்கும் இறக்கையை அனுமதித்துவிட்டார்கள்.

#7 | ஸ்லிப்ஸ்ட்ரீம்

கொடிக்காரர் அண்ணா, டயர் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். "போட்டி குறைவு" என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஜூனியர் ஃபார்முலா பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் பட்டம் வாங்காதவர் எதை வைத்து இவ்வளவு தூரம் வந்தார்?

#8 | கோவைக்காரன்

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது, ஆனால் நம்ம ஊரோடு ஒட்டிய ஒரு கதை இதில் இருக்கிறது.

2005 இண்டியானாபோலிஸ் ஃபார்முலா 1 ரேஸ் நினைவிருக்கிறதா? டயர் பிரச்சினையால் மிஷெலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் விலகி, ஆறே கார்கள் ஓடிய ரேஸ். அன்று ஜோர்டன் காரில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 4-வது, 5 புள்ளி. அவருக்கு முன்னால் 3-வதாக வந்து மேடையேறியவர் அணித்தோழர் தியாகோ மொன்தெய்ரோ. ஒரே கார், ஒரே அணி, ஒரே நாள்.

பிறகு இருவர் பாதையும் பிரிந்தது. நரேன் பெரும்பாலும் ஃபார்முலா பக்கம் நின்று, நாடுகளுக்கு இடையிலான ஏ1ஜிபி ஓட்டி, 2011-ல் ஹிஸ்பானியா அணியோடு திரும்ப ஃபார்முலா 1-க்கு வந்தார். அந்த ஆண்டு மெல்போர்னில் 107 சதவீத விதியால் (தகுதிச்சுற்றின் வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும்) ரேஸில் சேர முடியவில்லை. 2012 மெல்போர்னிலும் அதே கதை. முன்தகுதிச் சுற்று ஒழிந்து இருபது வருடம் ஆகியும் சின்ன அணிக்காரன் நிலைமை மாறவில்லை. அன்று டிவி முன்னால் உட்கார்ந்து எனக்குக் கண் கலங்கியது. அதனால்தான் தர்க்வினியின் 40 எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

மொன்தெய்ரோ 2007-லேயே டூரிங் காருக்குப் போய்விட்டார். 2013-ல் ஹோண்டா சிவிக் அணியில் அவருக்குத் தோழராக வந்தவர் யார்? தர்க்வினி! 2017-ல் பார்சிலோனாவில் சோதனை ஓட்டத்தில் பெரிய விபத்து, மொன்தெய்ரோ ஓட்டவே முடியாது என்ற நிலை. 2019-ல் சொந்த நாட்டில், வில ரியால் தெருக்களில் ஜெயித்தார். டூரிங் கார் ஒருவருக்கு இரண்டாவது ஆயுள் கொடுக்கும் என்பதற்கு இந்த இரண்டு பேரும் ஒரே கராஜில் இருந்த சாட்சி.

#9 | மூன்றாம்கியர்

கோவைக்காரன், இந்தத் தொடர்பு எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி.

ஸ்லிப்ஸ்ட்ரீம் கேட்டதற்கு என் பதில் இவான் முல்லர். ஜூனியர் ஃபார்முலாவில் பட்டம் வாங்கிய அவரையே தர்க்வினி வென்றிருக்கிறார். பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்காரர், 1992-ல் பிரிட்டிஷ் எஃப்2 சாம்பியன், பனித்தரை ரேஸில் ராஜா, டூரிங் கார் உலகப் பட்டம் நாலு. தர்க்வினி வாங்கிய இரண்டு உலகப் பட்டங்களும் இவரை முந்தி வாங்கியவை. இரண்டு தடவையும் இருவரிடமும் இருந்தது ஒரே மாடல் கார். இதைத்தான் நான் இந்த இழையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

2009: இருவரும் சியாட் அணி (டயர் கம்பெனி இல்லை, ஸ்பெயின் நாட்டுக் கார் கம்பெனி). லியோன் டிடிஐ, டீசல் என்ஜின். டீசல் காரில் ரேஸா என்று முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது அது இழுக்கும் இழுப்பே வேறு. முந்தின ஆண்டு முல்லர் சாம்பியன், தர்க்வினி இரண்டாவது. 2009-ல் மக்காவ் தெருக்களில் கடைசி ரேஸ் வரை போய், 4 புள்ளி வித்தியாசத்தில் தர்க்வினி வென்றார். வயது 47. அதுவரை எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) உலக சாம்பியன்களில் மூத்தவர் 1957-ல் 46 வயதில் ஃபார்முலா 1 பட்டம் வென்ற ஃபாஞ்சியோ. அந்த இடத்தில் ஜூலியானோவாக்காரர் பெயர் வந்தது.

அடுத்து சியாட் வெளியேறியது. ஹோண்டா, பிறகு 2016-ல் லாடா. 55 வயதில் ஹூண்டாய் அவரை ஐ30 என் டிசிஆர் காரை (டிசிஆர் என்பது டூரிங் கார்களுக்கான ஒரு விதிமுறை) உருவாக்கக் கூப்பிட்டது. புதுக் காரை எடுத்துச் சோதித்து, எது தளர்வு, எது இறுக்கம் என்று பொறியாளருக்குச் சொல்லும் வேலை. 2017-ல் சீனாவின் ஜெஜியாங்கில் அந்தக் கார் இறங்கிய முதல் ரேஸையே ஓட்டி வென்றார். எனக்கு இதில்தான் பழைய ஏஜிஎஸ் நாட்கள் தெரிகின்றன. ஒரு மணி நேரத்துக்குள், டயர் இரண்டு லேப் தாங்கும்போது, கோணலான ஒரு காருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னால்தான் பிழைப்பு. அதை அவர் வருடக்கணக்கில் செய்தவர். அந்தக் காலம் வீணாகப் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

2018-ல் டபிள்யூடிசிஆர் என்ற டூரிங் கார் உலகக் கோப்பை தொடங்கியது. மராகேஷில் முதல் வார இறுதியில் மூன்றில் இரண்டு ரேஸ் தர்க்வினிக்கு. ஹூண்டாய் வேகமாக இருப்பதைப் பார்த்து, டிசிஆர் விதிப்படி எடையையும் தரை உயரத்தையும் மாற்றி அதை மட்டுப்படுத்தினார்கள். "ஹூண்டாயால் ஜெயித்தார்" என்று யாராவது சொன்னால் ஒன்றை மட்டும் கேளுங்கள். முல்லர் தன் சொந்த அணியில் எந்தக் கார் ஓட்டினார்? அதே ஐ30 என். அதே எடை, அதே தரை உயரம். முல்லருக்கு வயது 49, இவருக்கு 56. மறுபடியும் மக்காவ், மறுபடியும் கடைசி ரேஸ். 3 புள்ளி.

அந்தக் கடைசி ரேஸில் தர்க்வினி 10-வதாகத்தான் முடித்தார். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டமான 10-வது என்று. மக்காவ் தெருக்களில் இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர். மெல்கோ கொண்டையூசி வளைவில் ஒரு கார்தான் போக முடியும். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் முடிந்தது கதை. அதில் முந்தப் பார்க்காமல், இழக்காமல், கணக்குப் போட்டுக்கொண்டே காரை வீடு கொண்டுவந்து சேர்த்தார்.

#10 | நெல்லைவேகம்

"அதே எடை, அதே தரை உயரம்" என்ற வரியோடு என் சந்தேகம் எல்லாம் தீர்ந்தது. 2008, 2010, 2013-ல் முல்லரிடம் இவர் இரண்டாவதாக வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பட்டை தீட்டியிருக்கிறார்கள்.

#11 | கார்ட்அப்பா

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு சொந்த விஷயம் கேட்கலாமா? மகனுக்கு 15 வயது. மூன்று வருடமாக கார்ட்டிங். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் எஃப்4 ஓடியதைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. ஸ்பான்சர் செய்கிறேன் என்று வந்த ஒருவர் சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் கைவிட்டுவிட்டார். கையில் இருந்த சேமிப்பைப் போட்டு அந்த வருடத்தை ஓட்டினோம். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் வளையல் இப்போது கையில் இல்லை.

எஃப்4-க்கு அடுத்தது எஃப்3, அதற்கு அடுத்தது எஃப்2 என்று ஏணி போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் செலவு பல மடங்கு. இப்போதே டூரிங் கார் பக்கம் திருப்பினால் அவன் கனவை நான் முறிப்பதாக ஆகுமா? தர்க்வினி மாதிரி ஆட்கள் எல்லாம் ஃபார்முலாவை முடித்துவிட்டுத்தானே வந்தார்கள்?

#12 | கொடிக்காரர்

சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. வெளியே போய்ச் சற்று நடந்துவிட்டு வந்தேன்.

எல்லோரும் ஃபார்முலாவை முடித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. ஆண்டி ப்ரியோ என்பவர் கெர்ன்சி தீவுக்காரர். மலைப்பாதை ரேஸில் தொடங்கி வந்து 2005, 2006, 2007 என மூன்று வருடமும் பிஎம்டபிள்யூவில் டூரிங் கார் உலக சாம்பியன். அர்ஜென்டினாவின் ஹோசே மரியா லோபஸ் இன்னொரு மாதிரி. ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழான ஜிபி2 வரை ஏறி, அதற்கு மேல் வழி கிடைக்காமல் ஊருக்குத் திரும்பி, உள்ளூர் டூரிங் காரில் ஜெயித்து, பிறகு சிட்ரோயனில் 2014-லிருந்து மூன்று உலகப் பட்டம். ஒருவர் மலைப்பாதையில் தொடங்கினார், ஒருவர் ஏணியில் பாதியில் இறங்கினார். இருவரும் உச்சிக்கு வந்தார்கள்.

கனவு முறிவது பற்றிக் கேட்டீர்கள். பையனிடமே கேளுங்கள் சார். அவனுக்கு ஃபார்முலா 1 பிடிக்கிறதா, ரேஸ் ஓட்டுவது பிடிக்கிறதா என்று. 15 வயதுக்கு அது புரியும். ரேஸ் ஓட்டுவதுதான் என்றால், எஃப்4-ல் ஒரு வருடம் கடைசி வரிசையில் ஓட்டும் செலவில், முன்வரிசையில் சண்டை போடக் கற்றுத்தரும் இடம் எது என்று பாருங்கள். கார்ட்டிங்கில் தோள் உரசி ஓட்டியவனுக்கு டூரிங் கார் அந்நியமாக இருக்காது. இன்னொரு விஷயம். தர்க்வினி 40 தடவை ரேஸ் ஓட்டாமலேயே திரும்பினாரே, அந்தச் செலவை அணிகள் பார்த்துக்கொண்டன. நம்ம பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. வளையல் விஷயம் இனி வேண்டாம் சார். இதை உரிமையோடு சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவனை அடுத்த டூரிங் கார் ரேஸுக்கு இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேடையில் உட்கார வேண்டாம். வேலி ஓரமாக, முதல் வளைவு தெரியும் இடத்தில் நில்லுங்கள். முன்னால் போகும் காரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலாவது, ஐந்தாவது காரின் பிரேக் விளக்கு எந்த இடத்தில் எரிகிறது, எந்த இடத்தில் அணைகிறது, ஒவ்வொரு லேப்பும் அது எவ்வளவு முன்னால் நகர்கிறது என்று மட்டும் பார்க்கட்டும். பத்து லேப் முடிவதற்குள் யாரிடம் டயர் மிச்சம் இருக்கிறது என்று அவனே சொல்லிவிடுவான்.

#13 | ஸ்லிப்ஸ்ட்ரீம்

கார்ட்அப்பா சார், நானும் அன்று வருகிறேன். சென்னையிலிருந்து வண்டி இருக்கிறது, உங்களையும் தம்பியையும் ஏற்றிக்கொள்கிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள்.

#14 | கார்ட்அப்பா

எல்லோருக்கும் நன்றி. கொடிக்காரர் அண்ணா எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அந்த 1994 நாக்ஹில் காணொளியைத் தேடி எடுத்துப் பார்த்தான். கார் உருண்டு நின்றதும் "இதுக்கப்புறமும் இவர் 27 வருஷம் ஓட்டினாராப்பா?" என்று கேட்டான். ஆமாம், 2021 வரைக்கும், கடைசி ரேஸ் ரஷ்யாவில் சோச்சியில், அப்போது வயது 59 என்றேன். இப்போது மக்காவ் 2018 கடைசி ரேஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பத்தாவது காரை மட்டும் பார்க்கிறானாம்.